குன்னூர்க் குளிரில் டி.டி. பிளேடு பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேயிலை ருசி பார்ப்பது என் பிழைப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டேபிள் டென்னிஸ். குன்னூரில் நாங்கள் ஆடுகிற ஹாலில் இரண்டு மேசை, எப்போதும் மினுக்குகிற ஒரு டியூப்லைட். அங்கே ஒழுங்காக ரப்பர் ஒட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அரவங்காடு, வெலிங்டன், கோத்தகிரி என்று எங்கிருந்தெல்லாமோ பேட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒட்டி முடிப்பதற்குள் பத்துக் கேள்வி. வாய் வலிக்கச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளேடு என்பது எது? முழு பேட்டா?

இரண்டு பக்கமும் ரப்பரை உரித்துவிட்டால் கையில் மிஞ்சுகிற மரம்தான் பிளேடு. ஐந்து அல்லது ஏழு மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்வது. கடைக்காரர் ‘அஞ்சு பிளை, ஏழு பிளை’ என்று சொல்வது அதைத்தான். நடுவில் அயூஸ், கிரி மாதிரி லேசான மரம். வெளித்தோலாக லிம்பா, கோட்டோ மாதிரி மரங்கள். சிலவற்றில் இடையே கார்பன் நார் இருக்கும். விதிப்படி கனத்தில் 85 சதவீதமாவது இயற்கை மரமாக இருக்க வேண்டும். அளவு, வடிவம், எடை எதற்கும் வரம்பு கிடையாது. தோசைக்கல் அளவில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாலும், தட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் நடுவர் வாயைத் திறக்க முடியாது.

பெட்டியில் ஸ்பீடு 9.5, கன்ட்ரோல் 8 என்று போட்டிருக்கிறதே?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவுகோல். ஒரே கம்பெனியின் இரண்டு பிளேடுகளில் எது வேகம் என்று தெரிந்துகொள்ள அந்த எண் உதவும். வேறு கம்பெனியோடு ஒப்பிட்டால் படி கணக்கையும் கிலோ கணக்கையும் கூட்டிப் பார்த்த மாதிரிதான். கன்ட்ரோல் எண் இன்னும் மோசம். பெரும்பாலும் ஸ்பீடு எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். ‘ஆல்ரவுண்ட்’, ‘ஆஃப் மைனஸ்’, ‘ஆஃப்’ (தாக்குதல் ஆட்டத்துக்கு) என்ற வகைப் பெயர்களையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள்.

அப்படியானால் வேகத்தை எப்படித்தான் பார்ப்பது?

முதலில் ரப்பர் இல்லாமல். கைப்பிடியை இரண்டு விரலில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து பந்தை நடு மரத்தில் விடுங்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற காது இருந்தால் போதும். ‘டிங்’ என்று கீச்சுக் குரலில் கேட்டால் விறைப்பான மரம், வேகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘டொக்’ என்று தணிந்து கேட்டால் வளைந்து கொடுக்கிற மரம். காதை நம்பாதவர்கள் போனில் ஒலியின் அதிர்வெண் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே பந்து, ஒரே பிடி, ஒரே இடத்தில் தட்டு. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் எண் மாறிவிடும்.

அப்புறம் ரப்பரோடு. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். புது பிளேடில் புது ரப்பரை ஒட்டி ஆடிவிட்டு ‘பிளேடு ராக்கெட் மாதிரி இருக்குண்ணா’ என்பார்கள். ராக்கெட் எது, மரமா ரப்பரா? எங்கள் தொழிலில் பத்துக் கோப்பை வைத்தால் பத்திலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு தண்ணீர், ஒரே நிமிடக் கணக்கு. ஒரு கோப்பையில் மட்டும் தூள் கொஞ்சம் தூக்கலாக விழுந்தால் அந்த வரிசையையே கொட்டிவிட்டுத் திரும்பப் போடுவோம். பிளேடுக்கும் அதே நியாயம்தான். பழகிய ஒரு ஜோடி ரப்பரை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதையே உரித்து உரித்து ஒவ்வொரு பிளேடிலும் ஒட்டுங்கள்.

அதை வைத்து ‘பிளாக்’ சோதனை. எதிரே ஒருவர் ஒரே சீராக லூப், அதாவது மேல்சுழல் கொடுத்துத் தூக்கி அடிக்கிற அடி, அடிக்கட்டும். நீங்கள் பேட்டை ஒரே சாய்வில் காட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கள், அடிக்கக் கூடாது. எதிர்ப்பாதி மேசையின் நீளம் 137 சென்டிமீட்டர். அதைக் குறுக்கே மூன்றாக மனதில் பிரித்து, இருபது பந்தில் எத்தனை கடைசிப் பட்டையில் விழுகிறது என்று ஓரமாக நிற்கிற ஆளை எண்ணச் சொல்லுங்கள். கடைசிப் பட்டையிலோ அதைத் தாண்டியோ அதிகம் விழுந்தால் வேகமான பிளேடு. நம் கை சேர்க்கிற வேகம் இதில் கலப்பதில்லை, அதனால்தான் இந்தச் சோதனையை நான் விடுவதில்லை.

இரண்டு பிளேடை ஒப்பிடும்போது முதலில் அது, பிறகு இது, மறுபடி இது, கடைசியில் அது என்று நான்கு சுற்று போடுங்கள். முதல் சுற்றில் உடம்பு சூடேறியிருக்காது, கடைசியில் களைப்பு. இந்த வரிசையில் அது இரண்டுக்கும் பங்காகிவிடும்.

இன்னொன்று. வேகத்தில் இரண்டு உண்டு. மெல்லத் தொட்டால் வருகிற வேகம் ஒன்று, முழுக்கையால் அறைந்தால் வருகிற வேகம் இன்னொன்று. நாரை நடுமரத்தை ஒட்டி உள்ளே வைத்துச் செய்த பிளேடு மெல்லத் தொட்டால் வெறும் மரம் போலச் சாதுவாக இருக்கும், அறைந்தால் சீறும். மேல்தோலுக்கு அடியிலேயே நார் வைத்தது தொட்டாலும் துள்ளும். ஆகவே இரண்டு விதமாகவும் அடித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கன்ட்ரோல் என்பது மெதுவாக இருப்பதுதானே?

பாதி சரி. மெதுவான பிளேடில் தப்பு செய்தாலும் பந்து மேசைக்குள் விழுந்து தொலைக்கும். ஆனால் மிக மெதுவான பிளேடில் நாம் வீம்புக்கு ஓங்கி அடிக்க ஆரம்பிப்போம், அங்கே கன்ட்ரோல் போய்விடும். என்னைக் கேட்டால் கன்ட்ரோல் என்பது நினைத்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள தூரம். அதைக் கணக்கெடுக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

நான் எழுதுவது மூன்று. சின்ன புஷ், அதாவது கீழ்ச்சுழலோடு மெல்லத் தள்ளுவது: நெட்டுக்கு அப்பால் பந்து மேசையிலேயே இரண்டு முறை குதிக்க வேண்டும், இருபதில் எத்தனை? கீழ்ச்சுழலோடு வருகிற பந்தை லூப் எடுப்பது: இருபதில் எத்தனை உள்ளே, தப்பியதில் எத்தனை நெட்டில், எத்தனை வெளியே? மூன்றாவது, பேக்ஹேண்டில் மூலைக்கு மூலை அடிக்கிற சாதாரண ராலி: தொடர்ந்து எத்தனை?

இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. தப்பிய பந்தெல்லாம் நெட்டில் என்றால் விறைப்பான பிளேடு உங்களிடம் கேட்கிற தூக்கலை நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை, பழகினால் சரியாகலாம். எல்லாம் வெளியே என்றால் பேட்டின் சாய்வை மாற்றிப் பார்க்கலாம். பாதி நெட்டில், பாதி வெளியே என்று சிதறினால் அந்தப் பிளேடு உங்கள் கைக்கு அடங்கவில்லை. ஒரே பக்கத் தப்பைத் திருத்திவிடலாம். சிதறலுக்கு நான் பிளேடை மாற்றத்தான் சொல்வேன்.

‘ஃபீல்’ என்கிறார்களே, அது நிஜமா, மனப்பிரமையா?

நிஜம்தான். ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் அது இல்லை. பந்து ரப்பரில் தங்குகிற நேரம் ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். கையிலிருந்து மூளைக்குச் சேதி போய்ச்சேர அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். அதாவது ‘பந்து பேட்டில் பதிந்ததை உணர்ந்தேன்’ என்று நாம் சொல்லும்போது பந்து கிளம்பிப் போயே விட்டது. ஃபீல் என்பது போனபிறகு வருகிற தபால். அந்த அடியைத் திருத்த உதவாது, அடுத்த அடிக்கு உதவும். பேட்டின் நடுவில் பட்டதா ஓரத்திலா, உரசலாகப் பட்டதா தட்டையாகவா என்று அந்தத் தபால் தெளிவாகச் சொன்னால் நல்ல ஃபீல். எப்படிப் பட்டாலும் ஒரே மாதிரி மழுங்கலாகச் சொன்னால் அந்தப் பிளேடோடு பேசிப் பயனில்லை.

சோதிப்பது எளிது. ஒரு பந்தை வேண்டுமென்றே நுனியில் வாங்குங்கள், ஒன்றைக் கைப்பிடி ஓரத்தில், ஒன்றை நடுவில். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருவர் மெதுவாகப் பந்தைப் போட, எங்கே பட்டது என்று சொல்லிப் பாருங்கள். லிம்பா தோல் போட்ட ஐந்து அடுக்கு மரப் பிளேடில் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இதில் காதுக்கும் பெரிய பங்கு உண்டு. எனக்கு இது புரிந்தது ஒரு டிசம்பர் ராத்திரியில். எலும்பு வரை குளிர். கம்பளி மங்கி கேப்பைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு ஆடினேன். பத்து நிமிடத்தில், பத்து வருடம் ஆடிய பேட் யாரோ ஒருவருடையது போல ஆகிவிட்டது. ரப்பர் கிளம்பிவிட்டதா என்று ஓரமெல்லாம் நகத்தால் தட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை. கேப்பைக் கழற்றினேன், பழைய பேட் திரும்பி வந்தது. அதிலிருந்து யாராவது ‘இந்த பிளேடு செம ஃபீல்ணா’ என்று வந்தால் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒருமுறை ஆடச் சொல்கிறேன். சத்தத்தில் மயங்கினவர்களும் உண்டு. அதில் தப்பு இல்லை, ஊட்டி வர்க்கியை அந்த நறுக் சத்தம் இல்லாமல் யார் தின்பார்கள்? எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தால் சரி.

பெயர், விலை தெரிந்தால் மனசு ஒருபக்கம் சாய்ந்துவிடாதா?

சாயும், எனக்கே சாய்ந்தது. போன மழைக்காலத்தில் ஹாலில் மூன்று பிளேடு: ஒரு ஐந்து அடுக்கு, ஒரு ஏழு அடுக்கு, ஒரு கார்பன். கைப்பிடி மூன்றிலும் ஒரே நீலத் துணியைச் சுற்றச் சொன்னேன். ஒரே மாதிரி ரப்பர், ஓரத்தில் டேப். பையன் ஒருவன் முதுகுக்குப் பின்னால் வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தான். நான் அடித்துப் பார்த்துவிட்டு, ‘இதுதான் கார்பன், சந்தேகமே இல்லை’ என்று ஒன்றை நீட்டினேன். துணியைப் பிரித்தால் ஏழு அடுக்கு வெறும் மரம். பையன்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். எஸ்டேட் பெயர் தெரியாமல் ருசித்தால்தான் நாக்கு நேர்மையாக இருக்கும் என்று ஆபீசில் உபதேசம் செய்கிறவன் நான்.

ஊட்டியில் அருமையாக ஆடின பிளேடு கோயம்புத்தூர் டோர்னமென்டில் செத்துப்போச்சு. ஏன்?

பிளேடு சாகவில்லை, காற்று மாறிவிட்டது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, கோயம்புத்தூர் 400-ஐ ஒட்டி. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் படுத்துவதும் இதே காரணத்தால்தான். டி.டி. பந்து 2.7 கிராம், 40 மில்லிமீட்டர். இவ்வளவு லேசான பந்துக்குக் காற்று ஒரு பெரிய ஆள்.

மெல்லிய காற்றில் இரண்டு நடக்கும். பந்தைப் பிடித்து நிறுத்துகிற தடை குறையும், அதனால் எந்த பிளேடும் கொஞ்சம் வேகமாகத் தெரியும். சுழல்கிற பந்தைக் கீழே வளைத்து இறக்குகிற விசையும் குறையும், அதனால் லூப் இறங்காமல் கோட்டைத் தாண்டும். கோவைக்கு இறங்கினால் இரண்டும் தலைகீழ். ஊட்டியில் விளிம்பில் விழுந்த பந்து அங்கே ஒரு சாண் உள்ளே விழும், எதிராளிக்கு அடிக்க வசதியாக. பிளாக் சோதனையை நம் ஊரில் மட்டும் செய்துவிட்டு ‘இது ரொம்ப வேகம், வேண்டாம்’ என்று ஒதுக்கிய பிளேடு, கீழே அளவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கொடைக்கானல்காரர்களுக்கும் இதே கதைதான், அதுவும் 2,100 மீட்டருக்கு மேல்.

என் யோசனை: போட்டியெல்லாம் சமவெளியில் என்றால், ஊட்டியில் சோதிக்கும்போது கொஞ்சம் வேகம் தூக்கலாகத் தெரிகிற பிளேடை ஒதுக்காதீர்கள். மேட்டுப்பாளையம் இறங்குகிற நாள் எப்போதாவது கிடைத்தால் பேட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

குளிரும் பனியும் பிளேடைக் கெடுக்குமா?

மரத்தைவிட ரப்பரைத்தான் முதலில் பிடிக்கும். குளிரில் ரப்பரின் அடியிலிருக்கிற ஸ்பாஞ்ச் இறுகும். ஒட்டுகிற மேல்தோலும் கெட்டி ஸ்பாஞ்சும் உள்ள சீன ரப்பர்கள் ஜனவரி ராத்திரியில் பலகை மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் புது பிளேடைச் சோதித்தால், ‘மரம் செத்தது’ என்று அதன் மேல் பழி விழும். ஹாலுக்கு வரும்போது பேட்டை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள், கால் மணி நேரம் ஆடிவிட்டு எண்ண ஆரம்பியுங்கள்.

மூடுபனி உள்ளே வந்தால் ரப்பர் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும், லூப் வழுக்கிக்கொண்டு நெட்டில் போகும். அன்றைக்குச் சோதனை வேண்டாம், சும்மா ஆடிவிட்டுப் போங்கள். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர் பக்கம் அக்டோபருக்கு மேலும் இது வாடிக்கை. மரமும் ஈரம் குடிக்கும், ஒன்றிரண்டு கிராம் எடை கூடும், தட்டினால் சத்தம் தணியும். மிருதங்கக்காரர்களிடம் கேளுங்கள், இந்த ஈரத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஈரம் போகட்டும் என்று கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். காலையில் ரப்பர் ஓரம் வாழையிலை மாதிரிச் சுருண்டு, கைப்பிடியில் மயிரிழைப் பிளவு.

கார்பன் அவசியமா?

லண்டன் 2012-ல் சீனாவின் ஜாங் ஜீகே ஒலிம்பிக் தங்கம் வென்றது கார்பன் நார் கலந்த விஸ்காரியா பிளேடில். அதைப் பார்த்து வாங்குகிறவர்கள் அவருடைய காலையும் பார்க்க வேண்டும். பந்துக்கு முன்னாலேயே போய் நிற்கிற கால் அது. நாரின் நல்ல குணம், ஓரத்தில் பட்டாலும் பந்து ஓரளவு அதே வேகத்தில் போகும், அதாவது நல்ல இடம் அகலமாகும். அதற்குப் பதிலாக நாம் இழப்பது, அடிக்கும்போது ஃபீல் என்கிற அந்தத் தபாலில் எழுத்து மங்கும். வாரம் மூன்று நாள் ஆடுகிறவருக்கு ஐந்து அடுக்கு போதும். கனத்த அடி அடிக்கிறவர் ஏழு அடுக்குக்குப் போகலாம். ஸ்டிகா கிளிப்பர் அந்த வகையில் ரொம்ப நாளாக ஆடிவருகிற பெயர்.

எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

ஒரே மாடலில் 82 கிராமும் கிடைக்கும், 91 கிராமும் கிடைக்கும். மரம் அப்படித்தான். கனத்தது பொதுவாகக் கொஞ்சம் விறைப்பும் வேகமும் கூட. ரப்பர் ஒன்றுக்கு வெட்டியபின் 45 முதல் 50 கிராம் என்று வைத்தால் முழு பேட் 180-ஐ ஒட்டி வரும். கடைக்குச் சின்ன டிஜிட்டல் தராசோடு போங்கள், வெட்கப்பட வேண்டாம். அரை மணி ஆடியதும் மணிக்கட்டு வலித்தால், மற்ற சோதனையில் அது எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் எடுக்காதீர்கள்.

சரத் கமல் ஆடின மாதிரி பிளேடு வாங்கித் தரலாமா? பையனுக்குப் பன்னிரண்டு வயது.

வேண்டாம். சரத் கமல் காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை 2006-ல் மெல்போர்னில் எடுத்தார், மறுபடி 2022-ல் பர்மிங்காமில். நடுவில் 2008-ல் ஸ்பீடு குளூவை, அதாவது ரப்பருக்கு வேகம் கூட்டுகிற பசையை, தடை செய்தார்கள், 2014-ல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. பசையும் பந்தும் மாறினபோதும் மனிதர் ஜெயித்தார். பையனுக்கு ஆல்ரவுண்ட் வகையில் ஐந்து அடுக்கு, மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த ரப்பர். மிச்சக் காசில் பந்து ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

நம்ம எஸ்டேட் சில்வர் ஓக்கில் பிளேடு செய்ய முடியாதா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். விதி தடுக்காது. சில்வர் ஓக்கில் பிளைவுட் செய்கிறார்கள், ஆகவே தகடு கிடைக்கும். ஆனால் பிளேடுக்கு வேண்டியது நடுவில் லேசான மரம், வெளியே கொஞ்சம் கெட்டியான மரம். கற்பூர மரமும் சீகையும் நடுவுக்குக் கனம். எங்கள் ஹாலில் ஒரு தச்சர் ஆசைப்பட்டு ஒன்று செய்தார். பார்க்க அழகு, தூக்கினால் சப்பாத்திக் கட்டை. தொடாமல் வைத்திருக்கிறேன்.

ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறதே?

பெரிய பெயர் பாதி விலைக்கு வந்தால் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் வரும். நான் ஒருமுறை அப்படி வாங்கிய ‘கார்பன்’ பிளேடை ஓரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கறுப்புக் கோடு நார் இல்லை, வெறும் சாயம். திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. தேய்த்துவிட்டாயே என்றார்கள், அது நியாயம்தான்.

எத்தனை நாளில் முடிவெடுக்கலாம்?

முதல் நாள் எல்லாப் புது பிளேடும் நல்லாத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரம், குறைந்தது பத்து ஆட்டம். நோட்டில் முதல் வார எண்ணையும் மூன்றாம் வார எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரப்பரை உரிக்கும்போது மரம் பிசிர் பிசிராக வருகிறது. கெட்ட பிளேடா?

இல்லை, லிம்பாவின் குணம் அது. ரப்பர் ஒட்டும் முன் தண்ணீரில் கரைகிற வகை வார்னிஷ் ஒரு கை, மிக மெல்லிசாக, துணியில் தொட்டுத் தடவுங்கள். ஒரு ராத்திரி காய வேண்டும்; நம் ஊர் மழையில் இரண்டு ராத்திரி. தடிமனாகப் பூசினால் சத்தம் மாறும். உரிக்கும்போது கைப்பிடிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மர வரியோடு கொஞ்சம் சாய்த்து, பொறுமையாக. பிசிர் வந்த இடத்தில் ஒரு சொட்டு மரப்பசை விட்டு, மேலே பாலிதீன் வைத்து, இரண்டு கனத்த டெலிபோன் டைரக்டரியை ஏற்றி வைப்பேன். டைரக்டரிக்கு வேறு உபயோகம் இப்போது இல்லை.